மேலே கிடந்த அரிசி

அரிசி டின்னுக்குள் விட்ட கை அடித்தகரத்தில் போய்த் தட்டியபோது அறிவுச்செல்வி பதறவில்லை. நாலு நாளாக எதிர்பார்த்ததுதான். டின்னைச் சாய்த்து, தலையை உள்ளே விடாத குறையாக வழித்தெடுத்ததில் ஒன்றரை டம்ளர் தேறியது. அதிலிருந்து வழக்கம்போல வலது கையால் ஒரு பிடி அள்ளினாள். அள்ளிய பிறகுதான் யோசனை வந்தது. ஒன்றரை டம்ளரில் ஒரு பிடி போய்விட்டால் மிச்சத்தை வைத்து இரண்டு பேர் என்ன சாப்பிடுவது? கை அந்தரத்தில் நின்றது. அடுப்பில் உலை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. பிறகு என்னவோ ஒரு வீம்பில், விரல்களை இறுக்கிப் பிடியைக் கொஞ்சம் சின்னதாக்கி, ஜன்னல் மேடையில் இருந்த பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள். விரலை இறுக்கியது அவளுக்கும் தெரியும், அந்த டப்பாவுக்கு உரியவருக்கும் தெரியும்.

டப்பா கர்த்தருடையது. ராசிபுரத்தைத் தாண்டி நாமக்கல் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் அந்த ஊரில், ஐம்பது குடும்பம் தேறுகிற அந்தச் சின்னச் சபையில், எல்லா வீட்டு அடுப்படியிலும் இப்படி ஒரு டப்பாவோ பாட்டிலோ இருக்கும். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை முதலில் அதில் போட்டுவிட்டுத்தான் பானையில் போடுவார்கள். பிடியரிசி என்று பெயர். மாதக் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பலிபீடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைச் சாக்கை நிறுத்தி வாயை விரித்துப் பிடித்துக்கொள்வார்கள். பெண்கள் வரிசையாக வந்து தங்கள் டப்பாவை அதில் கவிழ்ப்பார்கள். யார் எவ்வளவு கொட்டினார்கள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. பொறுப்பாக இருக்கிற பெண் மட்டும் எல்லோரும் கொட்டி முடித்த பிறகு, கடைசி ஆளாகத் தன் டப்பாவைக் கவிழ்த்துச் சாக்கின் வாயைக் கட்டுவாள். பெண்கள் சங்கத்தில் பேசி முடிவு செய்த ஏதாவது ஒரு கஷ்டப்பட்ட வீட்டுக்கு அந்த வாரத்துக்குள் சாக்கு போய்ச் சேர்ந்துவிடும். பொறுப்பாளி கடைசியில்தான் கொட்ட வேண்டும் என்கிற ஏற்பாட்டைக் கொண்டுவந்ததே அறிவுச்செல்விதான். ஒன்பது வருஷம் அந்தப் பொறுப்பு அவளிடம் இருந்தது. கடைசியில் கொட்டுவதில் ஒரு அழகு உண்டு. சபை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும்.

அவள் கொட்டியது என்னவோ ரேஷன் அரிசி. முதல் வருஷம் அப்படியில்லை, வீட்டில் எது வெந்ததோ அதே பொன்னி அரிசிதான் டப்பாவிலும் விழுந்தது. ஒருநாள் விருந்தாளி வந்து பொன்னி தட்டுப்பாடாகிவிட, கோழிக்குப் போட வைத்திருந்த ரேஷன் அரிசியில் ஒரு பிடி எடுத்து டப்பாவில் போட்டாள். கர்த்தர் ஒன்றும் சொல்லவில்லை. அரிசி அரிசிதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அடுத்த மாதம், இதை வாங்கப்போகிற வீட்டில் இதைத்தானே சாப்பிடுகிறார்கள் என்று தோன்றியது. மூன்றாவது மாதத்துக்குக் காரணமே தேவைப்படவில்லை. அதன் பிறகு பானைக்குப் பொன்னி, டப்பாவுக்கு ரேஷன் என்பது கையின் பழக்கமாகவே ஆகிவிட்டது. இப்போது நாலு மாதமாக வீட்டிலும் ரேஷன் அரிசிதான். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் கர்த்தரும் அவளும் ஒரே அரிசி.

நாலு மாதத்துக்கு முன்னால் அவள் புருஷன் தீர்த்தகிரி லாரியிலிருந்து விழுந்தான். இருபத்திரண்டு வருஷம் வடக்கே ஓட்டியவன். ஒரிசா, நாக்பூர், கல்கத்தா என்று எங்கெங்கோ போய் ஒரு கீறல் இல்லாமல் வந்தவன், சேலத்தில் லோடு ஏற்றித் தார்ப்பாய் கட்டும்போது, இறுக்கிய கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தான். இடுப்பெலும்பில் பிளேட் வைத்திருக்கிறார்கள். வாக்கர் பிடித்துக் கக்கூஸ் வரைக்கும் போவான். ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்த சபையார் எல்லோரும் ஒரே மாதிரி, "தலையில அடிபடல பாருங்க, கர்த்தரோட கிருபை" என்றார்கள். கிருபை என்கிற வார்த்தையை அறிவுச்செல்வியும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லுகிறவள்தான். பஸ் நேரத்துக்கு வந்தால் கிருபை. மகள் பிரீத்திக்குச் சேலத்தில் நர்சிங் சீட் கிடைத்தபோது கிருபை. மழைக்கு முன்னால் துணி காய்ந்துவிட்டாலும் கிருபைதான். அப்போதெல்லாம் அந்த வார்த்தை சம்பளம் மாதிரி இருந்தது. உழைத்தோம், வந்தது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே வார்த்தையை மற்றவர்கள் வாயிலிருந்து கேட்டபோதுதான், அது வாங்குகிறவனைக் கொஞ்சம் குனிய வைக்கிற வார்த்தை என்று அவளுக்கு முதன்முதலாகப் பட்டது.

இருந்த சோற்றில் தீர்த்தகிரிக்குப் போட்டதுபோக மிச்சத்தைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துக் குடித்தாள். டின்னைக் கழுவி வாசலில் வெயிலுக்குக் கவிழ்த்து வைத்தாள். ரேஷன் கடையில் அரிசி போட இன்னும் ஐந்து நாள் இருந்தது.

மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். எதிர் வரிசை வீடுகளில் தறிச் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்து, வெயில் மட்டும் தெருவில் நின்றுகொண்டிருந்தது. அந்த வெயிலுக்குள்ளிருந்து முத்தாயம்மாள் வந்தாள். தலையில் வெள்ளைச் சாக்கு.

பார்த்ததும் அறிவுச்செல்வி வாசற்படிக்கு வந்து நின்றாள். அந்தச் சாக்கை அவளுக்குத் தெரியாதா? வாய் கட்டுகிற சிவப்பு நாடாவே அவள் கிழித்துக் கொடுத்ததுதான். தீர்த்தகிரி படுத்ததிலிருந்து பிடியரிசிப் பொறுப்பு முத்தாயம்மாளிடம் போயிருந்தது. அறுபதை நெருங்குகிற பெண். புருஷனில்லை, பிள்ளையில்லை. பட்டுத் தறிக்காரர்கள் வீட்டில் நெசவு நூலைக் குழலில் ஏற்றித் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைக்கிறவள். நாள் முழுக்க ராட்டை சுற்றிச் சுற்றி அவளுடைய வலது தோள் இடதைவிடக் கொஞ்சம் இறங்கியிருக்கும். போன ஞாயிறு அறிவுச்செல்வி தன் டப்பாவை முதல் ஆளாகக் கவிழ்த்துவிட்டு, மாத்திரைக்கு நேரமாகிவிட்டதென்று ஓடிவந்துவிட்டாள். சாக்கு யார் வீட்டுக்கு என்று கேட்கக்கூட நிற்கவில்லை.

"பிடியரிசி, சாமி" என்றாள் முத்தாயம்மாள், சாக்கை வாசற்படியில் இறக்கிவிட்டு. "இந்த மாசம் உங்க ஊட்டுக்குன்னு பேசியிருக்குது."

"எங்க ஊட்டுக்கா? யாருங்க்கா சொன்னது?"

"போன வாரம் ஆயரு செபம் பண்ண வந்தாரில்ல, அப்ப உங்க ஊட்டுக்காரரு சொன்னாராமா."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. மனுஷன் திரும்பிப் படுத்துக்கொண்டான் என்று அறிவுச்செல்விக்குத் தெரிந்தது. லாரிக்காரன் வாய். செக்போஸ்டில் ஒளித்துப் பேசத் தெரிந்தவனுக்குச் சபை ஆயரிடம் ஒளிக்கத் தெரியவில்லை.

"அவரு வெளையாட்டுக்குச் சொல்லியிருப்பாருங்க்கா. எங்களுக்கு எதுக்கு? எங்களவிடக் கஷ்டப்படறவங்க எத்தன பேரு இருக்காங்க. அவங்களுக்குக் கொண்டுபோய்க் குடுங்க."

 முத்தாயம்மாளின் பார்வை வாசலில் கவிழ்த்து வைத்திருந்த டின்னின் மேல் ஒரு கணம் போய் வந்தது. அறிவுச்செல்விக்கு அந்த டின்னை உதைத்துத் தள்ள வேண்டும் போலிருந்தது. ஒன்பது வருஷம் இந்தச் சாக்கோடு இவளும்தானே வீடு வீடாகப் போயிருக்கிறாள். போகும்போது அடுப்படியை ஒரு பார்வை, மூலையில் இருக்கிற பாத்திரத்தை ஒரு பார்வை. கொடுக்கப் போகிறவர்களின் கண்ணுக்கு அந்த உரிமை தானாக வந்துவிடும்.

"எனக்கும் திருப்பித் தூக்கிட்டுப் போகோணும்னுதான் ஆசை, சாமி" என்றாள் முத்தாயம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "தூக்குனா இடுப்பு உட்டுப்போயிரும். அப்புறம் உங்க ஊட்டுக்காரரு பக்கத்துல எனக்கும் ஒரு கட்டலு போடோணும், பாத்துக்கங்க."

உள்ளே தீர்த்தகிரி சத்தமாகச் சிரித்தான். சிரித்ததில் இடுப்பு வலித்து, "அய்யோ" என்றான்.

அறிவுச்செல்வி சிரிக்கவில்லை. சாக்கைத் தொடவும் இல்லை. முத்தாயம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்குத் திருவிருந்து. வருவீங்கல்ல?" என்று கேட்டாள். மாதத்துக்கு ஒரு ஞாயிறு சபையார் மண்டியிட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற பந்தி அது.

"பாக்கலாங்க்கா."

"நாலு மாசமா பந்திக்கு வரலீங்க, சாமி. வாங்க" என்று சொல்லிவிட்டு, வந்த வெயிலுக்குள்ளேயே இறங்கி நடந்தாள். தெரு முனையில் திரும்புகிற வரைக்கும் அவளுடைய இறங்கின தோள் தெரிந்தது.

சாக்கு படியிலேயே உட்கார்ந்திருந்தது. அறிவுச்செல்வி கதவை ஒருக்களித்துவிட்டுச் சிமெண்டுத் தரையில் படுத்தாள். மின்விசிறிக் காற்று சூடாக வந்தது. ஒருக்களித்த கதவின் இடுக்கில் சாக்கின் ஒரு காது மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. தூரத்தில் யாரோ ஒருவர் மட்டும் இன்னும் தறி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் கண் செருகியது. தூக்கமும் இல்லை விழிப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ கிடந்தாள். வெள்ளையாக ஒரு வெளி. போதமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவே காடுகரை முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது. பனியா, பூவா என்று குனிந்து பார்த்தால் அரிசி. முழங்கால் வரைக்கும் அரிசி. மேலேயிருந்து இன்னும் மெல்ல விழுந்துகொண்டே இருக்கிறது, சத்தமே இல்லாமல். எங்கிருந்து விழுகிறது என்று அண்ணாந்து பார்த்தால் கைகள்தான் தெரிகின்றன. கணக்கில்லாத கைகள். சாந்து படிந்த கை, சாயம் ஏறின கை, வளையல் கை, வெறும் கை. யாருடைய கை எது என்று முகம் பார்க்க முயல்கிறாள், கண் கூசுகிறது. இதில் என் கை எது என்று தேடுகிறாள். அவளுடைய கை மட்டும் மூடியிருக்கிறது. திறக்க வேண்டும் என்று நினைக்கிறாள், விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. பயமாக இல்லை, வருத்தமாகத்தான் இருந்தது.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. வலது கை மடங்கி விலாவுக்கு அடியில் மாட்டி மரத்துப்போயிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"அறிவு, ஏழு மணி மாத்திரை சோத்துக்கு அப்புறம்னு போட்டிருக்குது" என்றான் தீர்த்தகிரி கட்டிலிலிருந்து. கொஞ்ச நேரம் கழித்து, "என் மேல கோவமா?" என்றான்.

"அரிசி இல்லன்னு ஊருக்கே டமாரம் அடிச்சிட்டுக் கோவமான்னு வேற கேக்கறீங்க."

"ஆயரு என்ன வேணும், எதுக்கு செபம் பண்ணட்டும்னு கேட்டாரு. இடுப்புக்குன்னு சொன்னேன். வேறன்னாரு. அரிசிக்குன்னு சொன்னேன். பொய் சொல்லி செபம் பண்ணச் சொல்றதா புள்ள?"

இவனோடு பேசி ஜெயிக்க முடியாது. ஞானஸ்நானம் எடுக்கும்போதே ஆயரிடம், "நான் வண்டியில முருகர் படத்தக் கழட்ட மாட்டேன், அது முதலாளி வண்டி" என்று சொன்னவன். கர்த்தரிடம் கேட்கிற விஷயத்தில் இவனுக்கு இருக்கிற சுலபம் தனக்கு ஏன் வரவில்லை என்று அவளுக்குச் சில சமயம் பொறாமையாகக்கூட இருக்கும். அவள் மூன்று தலைமுறைக் கிறிஸ்தவள். கேட்டுப் பழக்கமில்லை, கொடுத்துத்தான் பழக்கம்.

சாக்கை உள்ளே இழுத்து வந்தாள். இருபது கிலோ இருக்கும். முறத்தை எடுத்துக்கொண்டு அடுப்படியில் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தாள். பிடியரிசி எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இட்லி அரிசி, பச்சரிசி, புழுங்கல், பிரியாணிக் கடைக்காரர் வீட்டுப் பாசுமதிக் குருணை, சர்க்கரை வியாதிக்காரர் வீட்டுச் சிவப்பரிசி என்று எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கும். ஒன்று குழையும்போது இன்னொன்று வேகாமல் நிற்கும். வாங்கிப் போகிறவர்கள் இதை எப்படித்தான் வடிக்கிறார்களோ என்று ஒன்பது வருஷத்தில் ஒருநாளும் அவள் யோசித்ததில்லை. ரேஷன் அரிசியில் சத்துக்காக மங்கலாக ஒரு மணியைக் கலக்கிறார்களே, அதை வைத்து ரேஷன் அரிசியைக் கண்டுபிடித்துவிடலாம். முடிந்த வரை பிரித்துவிட்டுச் சமைக்கலாம் என்றுதான் உட்கார்ந்தாள்.

சாக்கின் வாயைத் திறந்ததும் வாசம் வந்தது. மேலாக, ஒரு கை ஆழத்துக்கு, ஒரே அரிசி. குட்டையாக, பொடிப்பொடியாக, சீரகத்தைப் போல மெலிந்த அரிசி. அள்ளி முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சீரகச் சம்பா. கல்யாண வீட்டுப் பிரியாணிக்கு வாங்குகிற அரிசி. ஒரு உமி இல்லை, ஒரு கல் இல்லை. யாரோ உட்கார்ந்து பொறுக்கிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். அதற்குக் கீழே கைவிட்டு அள்ளி முறத்தில் போட்டபோது, வழக்கம்போல எல்லா அரிசியும் கலந்து வந்தது.

மேலாகக் கிடப்பது கடைசியாகக் கொட்டியவளின் அரிசி. கடைசியாகக் கொட்டுகிறவள் பொறுப்பாளி. அது அவளே போட்ட சட்டம்.

அறிவுச்செல்வி கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், முத்தாயம்மாளின் புருஷன் செத்த புதிதில், இந்தச் சாக்கு இரண்டு மாதம் தொடர்ந்து அவள் வீட்டுக்குத்தான் போனது. இரண்டாம் தடவை அறிவுச்செல்விதான் கொண்டுபோய்க் கொடுத்தாள். அப்போது கண் வழக்கம்போல அடுப்படியைச் சுற்றியது. அடுப்புக்கு மேலே, எலிக்கு எட்டாத உயரத்தில், ஆணியில் ஒரு சின்னப் பொட்டலம் தொங்கிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் பைக்குள் சீரகச் சம்பா. பொழுதுக்கு ஒருவேளை சோறு, அதற்கும் பிடியரிசி, நாக்குக்கு மட்டும் சீரகச் சம்பா கேட்கிறதோ? அடுத்த மாதம் முத்தாயம்மாள் வராத சங்கக் கூட்டத்தில் அவள் பெயர் வந்தபோது, "அவங்க ஊட்ல சீரகச் சம்பா தொங்குதுங்க. நம்ம ஊட்ல கூட இல்ல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அறிவுச்செல்விக்கும் சிரிப்பு வந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாக்கு வேறு வீட்டுக்குப் போனது. அதற்கப்புறம் முத்தாயம்மாள் பெயரை யாரும் எடுக்கவே இல்லை. அந்த வருஷம்தான் அவள் தார் சுற்றப் போக ஆரம்பித்தாள்.

அந்தப் பொட்டலம் அவள் நாக்குக்கு இல்லை. டப்பாவுக்கு. இப்போது ஜன்னல் வெளிச்சத்தில், கையில் அள்ளின அரிசியைப் பார்க்கும்போது அது பட்டப்பகலாகத் தெரிந்தது. ரேஷன் அரிசியைத் தான் தின்றுகொண்டு, ஒரு பிடி மட்டும் கடையில் போய் நல்ல அரிசியாகப் பார்த்து வாங்கி, அதற்கென்று ஆணியில் மாட்டி வைத்திருந்திருக்கிறாள். அறிவுச்செல்வி வீட்டு வழக்கத்துக்கு நேர் தலைகீழ்.

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது.  அந்த இரண்டு மாதமும் சாக்கின் வாயை அவிழ்த்த முத்தாயம்மாள், மேலாக என்ன அரிசியைப் பார்த்திருப்பாள்? கடைசியில் கொட்டியவள் யார் என்று சபைக்கே தெரியும். பச்சைக் கரைச் சேலை கட்டிக்கொண்டு, நிமிர்ந்து நின்று, எல்லோரும் பார்க்கக் கொட்டியவள். மேலாகக் கிடந்தது புழுத்த ரேஷன் அரிசி. ஆறு வருஷமாக அது முத்தாயம்மாளுக்குத் தெரியும். சங்கத்தில் அறிவுச்செல்வி அந்தப் பேச்சைப் பேசிய அன்றைக்கும் தெரியும். அந்தப் பேச்சு காதுக்கு வந்த பிறகு ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் போதும், சிரிப்பு இந்தப் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெட்கத்தில் அழுகிறாளா, நன்றியில் அழுகிறாளா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருஷம் தன்னை ஒருத்தி காட்டிக்கொடுக்காமல் விட்டிருக்கிறாள். அந்த மறைவின் கீழேதான் அவள் நிமிர்ந்து நடந்திருக்கிறாள். அது தெரியாமலே நடந்திருக்கிறாள். ஜன்னலுக்கு வெளியே கொல்லிமலைப் பக்கம் வானம் மஞ்சளாகி, அந்த மஞ்சள் அடுப்படிக்குள் வந்து, முறத்தில் கிடந்த அரிசியின் மேல் படிந்தது. எல்லா அரிசியும் ஒரே நிறமாகத் தெரிந்தது.

பிரிக்கவில்லை. முறத்தில் இருந்ததைத் திரும்பச் சாக்கிலேயே கொட்டிவிட்டு, அதற்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து மேலாகக் கிளறினாள். மூன்று டம்ளர் அளந்து, களைந்து, உலையில் போட்டாள்.

சோறு அவள் நினைத்த மாதிரியேதான் வந்தது. கஞ்சி வடிக்கும்போதே தட்டில் சில பருக்கை கரைந்தும் சில பருக்கை விறைத்தும் நின்றன. தீர்த்தகிரி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, ரசத்தை ஊற்றிப் பிசைந்து, ஒரு வாய் வைத்தான். மெல்ல மென்றான். புருவத்தைத் தூக்கினான்.

"என்ன புள்ள இது. ஒரு பல்லுல ஒரிசா, ஒரு பல்லுல ஆந்திரா."

"வாய மூடிட்டுத் தின்னுங்க."

"தாபாவுல கூட இப்பிடி ஒரே தட்டுல கெடச்சதில்ல" என்று இன்னொரு வாய் வைத்தவன், மூக்கைச் சுருக்கி மோந்தான். "இதுல சீரகச் சம்பா வாசம் அடிக்குதே. யாரு போட்டது?"

அறிவுச்செல்வி ரசச் சட்டியை இறக்கி வைத்தாள். "முத்தாயக்கா" என்றாள். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுக் குனிந்து ரசத்தைக் கலக்கத் தொடங்கினாள். தீர்த்தகிரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, ஏதோ கேட்க வந்தவன், கேட்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான். இரண்டாவது தடவை சோறு கேட்டு வாங்கினான். விழுந்ததிலிருந்து அவன் அப்படிக் கேட்டு வாங்கியதில்லை.

காலையில் ஐந்தரைக்கே எழுந்துவிட்டாள். கோயிலுக்குப் போகிற நாள், அதற்குள் ஒருவேளைச் சோற்றை வடித்து மூடி வைத்துவிட வேண்டும். தண்ணீர்க் கையோடே சாக்கில் கைவிட்டாள். முதல் பிடி டப்பாவுக்கு. வந்த அரிசியிலிருந்தே எடுத்து, கொடுத்தவருக்கே திருப்பிப் போடுவதா என்று ஒரு கணம் சிரிப்பாக இருந்தது. ஆனால் இத்தனை நாள் போட்டது மட்டும் எங்கிருந்து வந்ததாம்? நல்ல அரிசியாகப் பார்த்து மேலாக அள்ளலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. அதுவும் ஒரு வீம்புதான் என்று பட்டது. கை போன இடத்தில் வந்ததை அள்ளினாள். இந்தத் தடவை விரல்களை இறுக்கவில்லை. டப்பாவின் வாய் வரைக்கும் கொண்டுபோவதற்குள் விரலிடுக்கில் கொஞ்சம் சிந்தியது. சிந்தியதைப் பொறுக்கி உலையில் போட்டுவிட்டு, மணியைப் பார்த்தவள் பதறிப்போய்ச் சேலை மாற்ற ஓடினாள்.

தீர்த்தகிரியைத் துடைத்துவிட்டு, சாப்பாடும் மாத்திரையும் கொடுத்துக் கிளம்பியதில், என்ன பதறியும் தாமதம்தான். அவள் போகும்போது பாட்டும் பிரசங்கமும் முடிந்து, பாவ அறிக்கைக்காகச் சபை மண்டியிட்டிருந்தது. கடைசி வரிசையில் சத்தமில்லாமல் முட்டி போட்டாள். ஜன்னல் கண்ணாடியின் நீலமும் சிவப்பும் தரையில் விழுந்து, மண்டியிட்டவர்களின் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லோருடைய குரலும் ஒன்றாகி, எது யாருடையது என்று தெரியாமல், முந்தின நாள் மதியக் கனவில் விழுந்த அரிசி மாதிரி மெத்தென்று இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே பந்திக்குப் போகிற வரிசை நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள்.

பலிபீடத்துக்கு முன்னால் போட்டிருந்த மரத்தடுப்பில் பெண்கள் பக்கம் ஒரே ஒரு ஆள் இடம்தான் மிச்சம் இருந்தது. பக்கத்தில் முத்தாயம்மாள். போன ஞாயிறு சாக்கு நின்ற அதே இடம். முத்தாயம்மாள் திரும்பிப் பார்த்து, முட்டியை நகர்த்தி இன்னும் கொஞ்சம் இடம் விட்டாள்.

"ஒட்டி வாங்க, சாமி" என்றாள் மெதுவாக.

அறிவுச்செல்வி மண்டியிட்டாள். தோளோடு தோள் இடித்தது. ஆயர் அந்தக் கடைசியில் ஆரம்பித்து ஒவ்வொரு கையாக அப்பத்தை வைத்துக்கொண்டு வந்தார். ஏழெட்டுப் பேருக்கு அப்பால் இருந்தார். இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தோன்றியது. 

"அக்கா. அன்னைக்குச் சங்கத்துல உங்க பேர எடுத்துட்டாங்களே. அது நாந்தான் சொல்லி..."

"தெரியும், சாமி."

"அப்புறம் நான் கொட்டுன அரிசி..."

"அதுவுந் தெரியும்." முத்தாயம்மாள் முன்னால் பார்த்தபடியே இருந்தாள். அவளுடைய இரண்டு கையும் ஏற்கனவே விரிந்து, ஒன்றின் மேல் ஒன்றாகத் தடுப்பின் மேல் இருந்தது. ராட்டை சுற்றிக் காய்த்த கை. "ஆயரு வந்துட்டாரு. கைய நீட்டுங்க."

அறிவுச்செல்வி கையைப் பார்த்தாள். முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடது கையின் மேல் வலது கையை வைத்து நீட்டினாள். கட்டைவிரல் மேட்டுக்குக் கீழே, ரேகையின் மடிப்பில், காலையில் ஒட்டிய அரிசி ஒன்று இன்னும் இருந்தது. மெலிந்த, வெள்ளை அரிசி. தட்டிவிடக் கையை மடக்கப் போனாள். அதற்குள் ஆயரின் நிழல் அவள் மேல் விழுந்தது. மடக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள், அந்த அரிசிக்குப் பக்கத்தில் அப்பம் வந்து உட்காரும் வரைக்கும்.